சாய்ந்த சுவர் – ஒன்று

பதினெட்டு வருஷமாகக் கொண்டலாம்பட்டியில்
கேட், கிரில், ஷட்டர், மாடிப்படிக் கைப்பிடி.
தூக்குக்குண்டு நூல் ஒரு மயிரிழை பிசகினாலும்
அறுத்துப்போட்டுத் திரும்பப் பற்றவைக்கிறவன் நான்.
என்னிடம் வந்து
"சுவர் சாயணும்" என்றார் மணிமொழி.
"எவ்வளவு?"
"முப்பத்தொரு டிகிரி. முன்பக்கமா.
என் மேல விழற மாதிரி."

அவருக்குத் தபால் ஆபீஸில் வேலை.
ஞாயிறானால் ஏற்காடு.
காப்பித் தோட்டத்து ஓரத்தில் ஒரு பாறை;
நாலு வருஷமாக அதன் உச்சியைத் தொட்டதில்லை.
ஐந்தாவது பிடியில் கை விட்டுப்போகிறதாம்.
ஐப்பசி பிறந்தால் பாறை பாசி பிடித்துவிடும்.
அதையே ஊருக்குள் ஒன்று
செய்து தர வேண்டும், மழைக்காலத்துக்கு.

இருபது கொண்டை ஊசியும் ஏறிப் போய்
டேப் பிடித்தேன், அட்டை வைத்து விளிம்பு வரைந்தேன்.
மூன்றாவது, இட்லியின் முதுகு.
நாலாவது, ரெண்டு விரல் முதல் கணுவரை போகும் பொத்தல்.
ஐந்தாவது எங்கே என்றேன்.
உள்ளங்கையைப் பாறையில் தேய்த்துக் காட்டினார்.
அங்கே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததை
எந்த டேப்பால் அளப்பது?

செவ்வாய்ப்பேட்டையில் மூடிக் கிடந்த ஜவ்வரிசிக் குடோன்.
கூரை பதிமூன்றடி. பாறை பதினைந்தே கால்.
ஏறுவதற்கான சுவருக்கு
முதலில் குழி தோண்டினோம்.
மண்ணோடு பாளம் பாளமாக வந்தது
புளித்த கிழங்கு மாவு.

சி சேனல். கெமிக்கல் ஆங்கர்.
பதினெட்டு எம்எம் மரைன் பிளைவுட்டில்
சாணுக்கு ஒரு துளை.
பின்னாலிருந்து டி-நட் அடிக்க வேண்டிய ரியாஸ்
ரெண்டு பலகைக்கு முன்னால் அடித்துவைத்தான்.
தொங்கினால்
பிடியோடு ஆளையும் உதிர்க்கும்.
ஒரு ராத்திரி முழுக்கப் பிடுங்கினோம், பேசாமல்.

பக்கத்துக் கொலுசுப் பட்டறைக்காரர்
டீ கிளாஸோடு அண்ணாந்து பார்த்தார்.
"மேல போனா என்ன இருக்கு?"
"ஆஸ்பெஸ்டாஸ்."
"அதுக்கா இவ்ளோ?"

பிடிகளை ரெசினில் வார்த்தோம்.
ஐந்தாவதை மட்டும் நாலு தடவை.
முதலாவது பிடிக்க வாகாக இருந்தது; "தப்பு" என்றார்.
அடுத்தது வழுக்கியது. "பாறை இப்படி ஏமாத்தாதுங்க."
மூன்றாவது அழகாக வந்தது. நானே உடைத்தேன்.
நாலாவது,
மடித்த கடுதாசி அளவுக்கு ஒரு மேடு,
அதில் சலித்த மணல் ஒரு கை.

பையிலிருந்து வெள்ளைப் பொடியெடுத்துப் பூசிக்கொண்டார்.
மெக்னீசியம் கார்பனேட், சீனச் சரக்கு.
இதே வெள்ளைக்கல்லை
நம்மூர்ச் சுரங்கத்திலிருந்து லாரி லாரியாக
என் மாமனார் ஓட்டியிருக்கிறார்.
சொன்னேன்.
அவர் காதில் விழவில்லை, ஏறிக்கொண்டிருந்தார்.

மூன்று. நாலு.
ஐந்தில் உள்ளங்கை படிந்தது.
"இதேதான்! விழப்போறேன்" என்றார்.
விழுந்தார்.
பல்லெல்லாம் தெரிய எழுந்தார்.
வேலை சுத்தமாக இருக்கிறதென்று
ஒரு வாடிக்கையாளர் கீழே விழுந்து சொன்னது
அதுதான் முதல் தடவை.

பில் எழுத உட்கார்ந்தேன்.
கேட் இல்லை. படி என்றால்
எங்காவது போய்ச் சேர வேண்டும்.
'சாய்ந்த சுவர் – 1' என்று போட்டேன்.

கிளம்பும் முன் பழக்க தோஷம்,
ஐந்தாம் பிடியிலிருந்து நூலை இறக்கினேன்.
குண்டு ஆடி, ஆடி,
நின்ற இடத்தில்
மெத்தை ஏற்கனவே குழிந்திருந்தது.