கழிவு

ஐந்து ஆண்டு குடியிருந்தால் நிலம் சொந்தம்.
பட்டாளத்துக்காரன் என்றால்
சண்டை போட்ட காலத்தைக் கழித்துக்கொள்வார்கள்.
நில அலுவலகத்து எழுத்தர் கழித்தார்:
ஐந்தில் மூன்று போக இரண்டு.
பென்சில் முனையை நாக்கில் தொட்டு
இன்னொரு முறையும் கழித்துப் பார்த்தார்.
அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம்
அந்த நாக்கின் கறுப்பை மறக்காமல் சொல்வார்.

ஆக, சர்க்கார் கணக்கில்
டென்னஸிச் சேற்றில் அவர் கிடந்த மூன்று ஆண்டும்
நெப்ராஸ்காவில் ஏர் பிடித்த ஆண்டுகள்.
"அங்கே என்ன விதைத்தீர்கள்?"
சுவருக்குப் புல்கட்டி அடுக்கியபடி
அம்மா விளையாட்டாகக் கேட்டிருக்கிறாள்.
"தம்பியை" என்றார் அப்பா.
ஜார்ஜியாவில், ஓர் ஓடைக்கரையில்,
பைன் மரத்துக்கு இந்தப் பக்கம்.
இறுக்கிப் பிடித்த கட்டி
அம்மாவின் கையிலேயே உதிர்ந்தது.

வெளியே இரண்டு நாள் மழை என்றால்
எங்கள் புல்மண் வீட்டுக்குள் மூன்று நாள்.
பட்டா வந்த அதே மாதம் வெட்டுக்கிளியும் வந்தது.
கோதுமையைத் தின்றது, வெங்காயத்தை மண்ணுக்குள் புகுந்து தின்றது,
மண்வெட்டிக் காம்பில்
அப்பாவின் வியர்வை ஊறிய இடத்தை மட்டும் அரித்தது.
தகரப் பெட்டியில் இருந்ததால்
பட்டா பிழைத்தது.
அண்ணன் தோர்லெய்ஃப் அந்தக் குளிரைத் தாண்டவில்லை.
இரண்டரை வயது.

தெற்கு மூலையில் நிலம் ஒரு வட்டமாய்ப் பள்ளம் விழுந்திருக்கும்.
பானி ஜனங்களின் மண்வீடு இருந்த இடம்.
அவர்களைத் தெற்கே அனுப்பிய ஆண்டு
ஒரு பெண் வந்து, கேட்காமல்,
பள்ளத்தின் ஓரத்தைக் கையால் தோண்டினாள்.
சேமக்குழி. எலி கொறித்த சோளக்கதிர்கள்.
ஒவ்வொன்றாய்ப் போர்வையில் பொறுக்கிக்கொண்டாள்.
அப்பா துப்பாக்கியோடு நின்றார்;
குறி வைக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.
இதை எனக்கு அவர் சொன்னது போன டிசம்பரில்,
மூச்சு வாங்கி வாங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு.
அவர்கள் குடியிருந்த ஆண்டுகளை
எந்த எழுத்தரும் கூட்டிப் பார்க்கவில்லை.
அதன்பிறகு எங்கள் ஏர் அந்த வட்டத்தைச் சுற்றியே போயிற்று.
வருத்தமா, பயமா, நான் கேட்கவில்லை.
அங்கே வளர்ந்த புல்லைப் பசுவுக்கு அறுத்துப் போட்டோம்.

இப்போது மேஜைமேல் விதவைப் பென்ஷன் மனு.
பெயர்: ஆஸ்முண்ட் ஃப்ளாட்டன்.
படைப்பிரிவு எழுத்தர் காதில் விழுந்தபடி: ஆஸ்மன் பிளாட்.
இருவரும் ஒருவரே என்று
சத்தியம் செய்ய இரண்டு சாட்சிகள் வேண்டும்.
ஒருவர் அயோவாவில், காது கேளாது. இன்னொருவரைத் தேடுகிறோம்.
சொத்து: நூற்று அறுபது ஏக்கர்,
அதைவிடக் கொஞ்சம் நீளமான கடன்.
பதினாறு வயதுக்குக் கீழே பிள்ளைகள்: ஒருவன், ஸ்யூர்.
பைபிளில் அவன் பிறந்த ஆண்டின்மேல்
கூரை ஒழுகிய சேற்றுப் பொட்டு.
ஏழா ஒன்றா என்று
வாஷிங்டன் சந்தேகப்படுகிறது.
அதற்கு மாதம் இரண்டு டாலர் வித்தியாசம்.

அடுத்த கேள்வி: எத்தனை காலம் சேவை?
"மூன்று ஆண்டு" என்று எழுதப் போனவளை
அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.
"அந்த மூன்றைக் கொடுத்துத்தானே நிலம் வாங்கினோம்.
ஒரே காசை இரண்டு கடையில் நீட்டலாமா?"

சட்டம் அனுமதிக்கிறது என்றேன்.
சட்டத்தை நான் கேட்கவில்லை என்றாள்.

பேனாவில் மை காய்ந்துகொண்டிருந்தது.
ஜன்னலுக்கு வெளியே, ஸ்யூர்
பசுவை வட்டத்துக்குள் இழுத்துப் போய்
முளை அடித்துக்கொண்டிருந்தான்.
மண் ஈரம். மூன்றாவது அடியிலேயே இறங்கிவிட்டது.