பதினேழாவது புள்ளி

இல்லாத காலில என்ன செருப்பு
எண்டு என்னட்டைக் கேட்ட ஒரே ஆள்
வதனரூபி டொக்டர்.

அதுவரைக்கும் எல்லாரும்
மிச்சக் காலைத்தான் விசாரிச்சவை.
நிவாரணப் படிவத்தில இடது, வலது எண்டு ரெண்டு கட்டம்.
ஆஸ்பத்திரியில முழங்காலுக்கு மேலயோ, கீழயோ.
வெட்டின இடத்துக்கும் கீழ கடிக்குது,
சொறிய வழியில்லை எண்டன்.
பெரிய டொக்டர் சிரிச்சுப்போட்டு
பனடோல் எழுதினார்.

இவ, மாங்குளம் ஆஸ்பத்திரியின்ர
பழைய எக்ஸ்ரே அறைக்குள்ள
எனக்கெதிர வாங்கில இருந்து
கொப்பியைத் திறந்தா.
ரப்பர் செருப்பு, நீல வார் எண்டன்.
வார் கழண்டு, அடியில ஊசி குத்தியிருக்கு.
"எந்த விரலுக்குக் கீழ?"
பெருவிரலுக்கும் மற்றதுக்கும் நடுவில.
"இப்பவும் குத்துதோ?"
குத்துது.
எழுதினா. சிரிக்கேல்லை.

பிறகு தலையில ஒரு வலைத்தொப்பி.
அறுபத்து நாலு கண், கண்ணுக்குக் கண் பசை.
பங்குனி வெயிலுக்குப் பசை இளகிக்
காதால வடிஞ்சுது.
கரண்ட் போச்சு. வந்திது. திரும்பப் போச்சு.
ஜெனரேட்டருக்கு எண்ணெய் எடுக்க
என்ர ஓட்டோவிலதான் போனனாங்கள்,
தொப்பியைக் கழட்ட மறந்து.
சந்தியில பொலிஸ்காரன் மறிச்சு
என்ர தலையைக் கனநேரம் பாத்தான்.

திரும்பி வரேக்க சொன்னா:
கரண்ட் இல்லாத விசுவமடுவில வளந்தவவாம்.
சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைக் கையால சுத்தி
டைனமோவில ரேடியோ கேட்ட வீடு.
சுத்துறது இவவின்ர வேலை.
குண்டு விழுந்த ஊரின்ர பேர் சொல்லுற நேரம் பாத்துக்
கை சோர்ந்துபோகும்.
ரேடியோ நிண்ட பிறகும்
மிச்சப் பேரைக் கேட்டவையாம்,
ஆளுக்கொரு ஊரா.
"அதைத்தான் அண்ணை
இண்டைக்கும் ஆராயிறன்."

மற்றதெல்லாம் துண்டு துண்டாக அறிஞ்சது.
யாழ்ப்பாணத்தில மருத்துவம்,
நடுவில ஒரு வருசம் முகாம்.
குளிர் நாட்டில கலாநிதிப் பட்டம்.
அங்க வேலை தாறம் எண்டவையாம்;
ஒரு மெஷினைக் கடனாக் கேட்டு
அட்டைப்பெட்டியில கட்டிக்கொண்டு வந்திட்டா.
முதல் கட்டுரை திரும்பி வந்திது.
ஆக்கள் காணாதாம்,
கால் கை இல்லாதவை இன்னும் வேணுமாம்.
அண்டைக்குத்தான் டொக்டர் சிரிச்சுக் கண்டன்.
"அதுக்கு இங்க பஞ்சமில்லை எண்டு எழுதினன்."

மல்லாவி, துணுக்காய், ஒலுமடு, முத்தையன்கட்டு.
நூற்றி ஆறு பேரை ஏத்தி இறக்கினன்.
ஒருத்தி மட்டும் வரமாட்டன் எண்டிட்டா.
தனக்கு அந்தக் கை நோகிறேல்லையாம்,
அதில மகன் நித்திரையாம்.
கொப்பியை மூடின டொக்டர்
அந்த ஒழுங்கைக்குப் பிறகு போகவேயில்லை.

போன வைகாசியில பரிசு.
பெரிய மண்டபம், கறுப்புக் கோட்டுக் காரர்,
நடுவில மஞ்சள் நூல் சேலை.
ஓட்டோ நிறுத்தத்தில என்ர போனுக்கு மேல
அஞ்சு தலை குனிஞ்சு நிண்டது.
மூண்டாவது படம் விழுந்திது, முழுக்கப் புள்ளி.
பதினேழு எது எண்டு எனக்குத் தெரியும்,
முந்தியே காட்டினவ:
கோட்டை விட்டு விலகி, மேல, தனிய.
"எங்கயடா உன்ர பேர்?" எண்டான் தவநேசன்.
பேர் சொல்லக்கூடாது, அது விதி,
நானே கையெழுத்து வச்ச தாளில இருக்கு.
எண்டாலும் கோவம் வந்திது. பொய் சொல்லேல்லை.

அந்த இங்கிலீசுக்கு நடுவில
திடீரெண்டு ஒரு தமிழ்ச் சொல்.
'ஊசி.'
அதோட டேட்டா முடிஞ்சுபோச்சு.
வட்டம் சுத்திச்சு.
மிச்சப் பேச்சை நாங்கள் அஞ்சு பேரும்
அஞ்சு விதமாக் கேட்டம்.

கடைசியா வந்தநேரம் ஒரு வேலை தந்திட்டுப் போனவ:
கண்ணை மூடி, அந்தக் காலுக்கு
வேற செருப்பு மாத்திப் பாக்கட்டாம்.
மூண்டு மாசமாப் பாடுபட்டு,
போன கிழமைதான் ஏறிச்சு.
தோல் செருப்பு. மண்ணிறம். ஊசியில்லை.

புதுசெல்லே,
கொஞ்சம் கடிக்குது.