சூடாக இருந்தால் வாங்காதே

ஆகஸ்ட்டில் தேட ஆரம்பித்தேன்.
பழைய பைக் பார்க்கப் போனால்
முதலில் எஞ்சினைத் தொடு என்றார்கள்.
சூடாக இருந்தால் வாங்காதே,
காலையில் கிளம்ப மறுக்கிற வண்டியை
நீ வருமுன்னே கிளப்பி வைத்திருக்கிறான்.

நல்ல புத்திதான்.
ஆனால் சல்மாபாத்தில், ஆகஸ்ட்டில்,
கராஜ் ஷட்டர் சூடு, சுவர் சூடு,
குழாய்த் தண்ணீர் சூடு.
விற்கிறவர் நாக்கு மட்டும் குளிர்ச்சி.

முதலில் பார்த்தது ஆயிரத்து முந்நூறு சிசி.
அதன் குரோமில் என் முகம்
ஒரு பக்கம் வீங்கித் தெரிந்தது.
"ஓட்ட ஓட்டப் பழகிடும் சிஸ்டர்," என்றார் தாஹிர்.
உட்கார்ந்தேன். ஸ்டாண்டை எடுத்தேன்.
வலப்பக்கம் நாலு விரற்கடை சாய்ந்தது.
அந்த நாலு விரற்கடையிலிருந்து அதை நிமிர்த்த
நானும் தாஹிரும்
டீ கொண்டுவந்த பையனும் வேண்டியிருந்தது.

இரண்டாவது நானூறு சிசி, சிவப்பு.
பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை.
ஹாண்டிலை நேராகப் பிடித்தால்
முன்சக்கரம் மனாமா பக்கம் பார்த்தது.
விழுந்த வண்டியா என்றேன்.
விழவில்லை, சும்மா படுத்துக்கொண்டது என்றார்கள்.
ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
எனக்குப் பதினாறு வருஷம்.
விழுந்தது எது படுத்தது எது என்று
தெரியும்.

டயரின் விலாவில் நாலு எண் இருக்கும்:
பிறந்த வாரம், பிறந்த வருஷம்.
பட்டன் தேயாமல் புதுசுபோல் இருப்பதுதான்
இந்த ஊரில் மோசம்.
ஓடித் தேய்ந்திருக்காது,
நின்ற இடத்திலேயே வெடித்திருக்கும்.
நாற்பத்து நாலு வயதில்
இதைப் படித்தபோது
கொஞ்சம் கோபம் வந்தது.

டிசம்பரில் வந்தது ரோமெலின் விளம்பரம்:
டிராக்ஸ்டார் 650, கறுப்பு, அவசரம்.
இங்கே அவசரம் என்றால் விசா கேன்சல்.
சோபா, பிரிட்ஜ், மீன்தொட்டி எல்லாம்
அந்த ஒரு சொல்லோடுதான் விற்பனைக்கு வரும்.

வெள்ளிக்கிழமை, சுபுஹு பாங்கு முடிந்ததும்
ஈசா டவுனுக்குப் போனேன். ஸ்வெட்டர் குளிர்.
தாழ்ந்த சீட்.
இரண்டு பாதமும் குதிகால்வரை
தரையில் பதிந்தன. மூன்று மாதமாய்
நான் கேட்டதே அவ்வளவுதான்.
குனிந்து எஞ்சினைத் தொட்டேன்.

சுட்டது.

"ராத்திரி ஒரு மணியிலிருந்து ஓட்டினேன்," என்றான் ரோமெல்.
"சல்லாக், அவாலி, பாலம்வரை,
மறுபடியும் சல்லாக்.
நாளைக்கு ஃப்ளைட்."
ஜாக்கெட் மடிப்பில் மணல் இருந்தது.
நம்பலாம். நம்பாமலும் இருக்கலாம்.
"ஆறட்டும்," என்றேன்.

விற்கிறவனும் வாங்குகிறவளும்
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தோம்.
கரக் டீ இரண்டு, அவன்தான் காசு கொடுத்தான்.
ஆறுகிற இரும்பு சொடக்கு விட்டது,
டிக், டிக்,
பிறகு எப்போதாவது ஒரு டிக்.
வேலை ஏன் போயிற்று என்று நான் கேட்கவில்லை.
அவனாகச் சொன்னதெல்லாம்
நியூட்ரல் லேசில் விழாது,
பெட்ரோல் முள் கிடையாது, கிலோமீட்டரை எண்ணிக்கொள்,
மழை வந்தால் ஹாரன் தானாக அடிக்கும்,
ஆனால் மழை எங்கே வருகிறது.

ஒன்றரை மணி நேரம்.
தொட்டேன். என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.
சோக்கை இழுத்தேன்.
முதல் தடவை இருமல். இரண்டாவதும் இருமல்.
அவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவதில் பிடித்தது.
மேல்மாடி ஜன்னலைத் திறந்து
யாரோ அரபியில் திட்டினார்கள்.

டயர் பழசு என்று
நாற்பது தினார் குறைக்கச் சொன்னேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.
குறைத்தான்.

கிளச்சை விட்டேன்.
இருநூற்று முப்பது கிலோவும் நானும்
பத்தடி போய் நின்றுவிட்டோம்.
மறுபடியும் கிளப்பினேன்.
"ரெக்ஸ்லின், மெதுவா, மெதுவா விடு!"
பின்னாலிருந்து கத்தினான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்கிற பக்கம்தான் வண்டி போகும் என்று
வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.