அரைக் கிண்ணம்

அப்புத்தளைக் குளிருக்கு
தேத்தண்ணியைத் தளும்பத் தளும்ப ஊற்றினேன்.
மெருவேர்த் சிரித்தாள்.
அவள் கைப்பேசி தமிழ் பேசியது:
"கசாக் வீடுகளில்
நிறைந்த கிண்ணம் என்றால் எழுந்து போ.
அரை என்றால், இரு."

இரண்டு கிலோ குறைந்ததற்கு
அரைப்பேர் போட்ட மலையில்
அரைக்கு இப்படியும் ஒரு பொருள்.

பையிலிருந்து வெள்ளை உருண்டை ஒன்று தந்தாள்.
குர்த்.
காய்ந்த தயிராம், கூழாங்கல் மாதிரி.
கடிக்காதே என்று
கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.
உப்பு. பிறகு புளிப்பு.
வெகுநேரம் கழித்து
வாய்க்குள் ஓர் ஆடு.

குதிரைப்பாலும் புளிக்க வைப்பார்களாம்.
நுவரெலியாவில் ரேஸ் ஓடும் குதிரைக்குப்
பால் சுரக்கும் என்றே
நான் யோசித்ததில்லை.

கேத்தல் ஆறும்வரை
அரை அரையாய் ஊற்றினேன்.
ஏழாவது கிண்ணத்தில் கரண்ட் போனது.
அவள் எழவில்லை.
ஊற்றுகிற சத்தத்தை வைத்து
அரையைக் கண்டுபிடித்தேன்.