ஓடும், கொஞ்சம்

கார்ன்ஃபோர்த் தேவாலயக் கூடத்து விற்பனையில்
பதினெட்டு பவுண்டு.
அட்டைப்பெட்டி ஓரத்தில் யாரோ பென்சிலால்
எழுதியிருந்தார்கள்: ஓடும், கொஞ்சம்.
உண்மையைச் சொல்லி விற்றவர் மேல்
எனக்குக் கோபமில்லை.

நீராவி என்ஜின் என்று பெயர்.
நீரும் இல்லை, ஆவியும் இல்லை.
என் சுட்டுவிரல் நீளம், ஆறு சக்கரம்,
கொதிகலன் மேல் பொரிந்த பச்சை வண்ணம்.
என்னைவிட நான்கு வயது இளையது.

குமிழை மெல்லத் திருகினேன். அசையவில்லை.
இன்னும் கொஞ்சம். முனகியது.
இன்னும் ஒரு மயிரிழை,
பூனை துரத்திய எலியாய்ப் பாய்ந்து
வளைவில் குடைசாய்ந்து
ரொட்டித் தட்டில் விழுந்தது.

நான் கூரை வேலைக்காரி.
ஸ்லேட் கல்லைத் தட்டி உடைத்துப் பழகிய விரல்களுக்குக்
கடுகளவு திருகாணி அகப்படவே அகப்படாது.
முதல் வாரத்தில் இரண்டு தொலைந்தன.
ஒன்று லெனர்டின் காலுறையில் கிடைத்தது.
இன்னொன்று இந்த வீட்டில் எங்கோ
நிம்மதியாக இருக்கிறது.

அடிமூடியைத் திறந்தால்
பின் அச்சில் சுற்றிக்கொண்டு ஒரு சிவப்பு இழை.
கம்பள நூல்.
எந்த வீட்டுத் தரையோ, எந்தக் குழந்தையோ,
தண்டவாளமே இல்லாமல் தள்ளி விளையாடியிருக்கிறது.
இடுக்கியால் இழுக்க இழுக்க வந்தது,
ஒரு சாண் நீளம்.
எறிய மனமில்லை. ஜன்னல் கொக்கியில் மாட்டினேன்.

பிறகு
காதழுக்கு நிறத்தில் கெட்டிப்பட்ட எண்ணெய்.
சக்கர விளிம்பில் ஏறிய கருப்பு.
பிடிமானம் தரும், ஆனால் மின்சாரம் தராத
அந்த ரப்பர் வளையம். எல்லாம் போயிற்று.

தலைமுடிக் கனத்தில் வெண்கலக் கம்பி வளைத்து
ஒவ்வொரு சக்கரத்தின் முதுகிலும் உரச வைத்தேன்.
அழுத்தினால் பிரேக்.
விட்டால் பட்டினி.
இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு,
அதற்குப் போய்ச்சேரப் பதினோரு இரவு.

எடை போதவில்லை.
அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.
மில்ஹெட் பக்கம் ஒரு புகைபோக்கி அடியில்
மடித்து அறைந்த ஈயத்தகட்டின் மிச்சம்
பையில் கிடந்தது.
நறுக்கி, பக்கத் தொட்டிகளுக்குள் திணித்தேன்.
ஒரு வீட்டின் மழையைத் தடுக்கும் அதே ஈயம்
இங்கே ஆறு சக்கரங்களைத்
தரையோடு பேச வைத்தது.

சுற்றுக்கு ஒரு விக்கல் இருந்தது.
இடப்பக்க ஆணி உச்சியில் நிற்கையில்
வலப்பக்கத்து ஆணி கால்வட்டம் தள்ளி நிற்க வேண்டும்.
நடுச்சக்கரம் மட்டும் ஒரு நூல் பிசகு.
திருகித் திருப்பினேன். விக்கல் நின்றது.

ஆனாலும் டோஸ்டருக்குப் பக்கத்தில்,
சரியாக அதே இடத்தில்,
மூச்சு வாங்கி நின்றுவிடும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
நான் அப்படிச் சொல்லவில்லை.
என்ஜினைத்தான் பிரித்தேன்,
மறுபடி, மறுபடி, நாலு தரம்.
ஞாயிற்றுக்கிழமை ஏதோ எரிச்சலில்
வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து
மேசைமேல் வைத்தேன்.
குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.

இருபது வருஷமாக
ஊர்க் கூரைகளுக்கெல்லாம் மட்டம் பார்த்தவள்!
கூடம் கோணல்தான்.

மிஞ்சிய ஈயத் துண்டு
மேசைக் காலுக்கு அடியில் போயிற்று.

விடியற்காலை ஐந்தரை.
ஹேஷம் துறைமுகத்தில் இரவுப் பணி முடித்து
லெனர்ட் வந்தான்.
ஈரக் கோட்டோடு குனிந்து பார்த்தான்.
"பாவம், நின்றுவிட்டதா?"

நான் பேசவில்லை.
கெட்டிலில் தண்ணீர் கொதித்து,
வீட்டில் உண்மையாகவே இருந்த ஒரே நீராவி
ஜன்னலில் படிந்து அடங்கியது.
அதற்குள் என்ஜின்
ஒரு கட்டையைக் கடந்து
அடுத்ததன் மேல் முன்சக்கரம் வைத்திருந்தது.

இணைப்புத் தண்டு ஏறுவதைப் பார்த்தான்.
இறங்குவதைப் பார்த்தான்.
"எது வரைக்கும் போகும்?"
"டோஸ்டர் வரைக்கும்."

கோட்டைக் கழற்றினான்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்,
மேசையில் இடிக்காமல்.