கச்சான்

மண்டபம் கேம்ப் என்று நடத்துநர் கத்தும்போது
இறங்க வேண்டும்.
நிறுத்தத்துக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
உப்புக்காற்றில்
இரண்டு வருடத்துக்கு ஒரு மெஷின் சாகும்.

அவள் லெஸ்டரிலிருந்து வந்திருந்தாள்.
பெயர் இவாஞ்சலின் காத்தமுத்து.
காத்தமுத்து, அப்பா பெயரல்ல.
அப்பாவுடைய தாத்தாவின் பெயர்.
எவனோ குமாஸ்தா கட்டத்துக்குள் எழுதியது
நான்கு தலைமுறையாகக் கட்டத்தைவிட்டு இறங்கவில்லை.

ஒரு தாளைக் கொடுத்தாள்.
வயது இருபது. இடது முழங்காலில் தழும்பு.
ஊர் என்ற இடத்தில் பூச்சி தின்ற ஓட்டை.
மூன்று பிரதி எடுத்தேன்.
பிரதியில் ஓட்டை ஓட்டையாக விழாது,
விரல் நுழையாத ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான்.

நாவல் எழுதுகிறாளாம்.
கப்பலேற்றும் முன்னால்
அம்மைக்கும் காலராவுக்கும் பயந்து
ஐந்து நாள் இங்கே அடைத்து வைத்தார்களே,
கழுத்தில் எண் வெட்டிய தகரத்தோடு,
அவர் படுத்த இடம் எது?
நீங்கள் ஊர்க்காரர், உங்களுக்குத் தெரியும்தானே?

ஊர்க்காரர்.

பொகவந்தலாவையில் பிறந்தேன். அங்கே இந்தியாக்காரன்.
இங்கே ரேஷன் வரிசையில் இன்றைக்கும் சிலோன்காரர்.
கப்பல்விட்டு இறங்கி கேம்புக்கு வந்த மறுநாள்,
எனக்கு ஒன்பது வயது,
கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்
"கச்சான் எடுத்துருச்சு" என்றார்.
எங்களுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை.
கையை நீட்டினேன்.
மேல்காற்றில் வந்த மணல் விழுந்தது உள்ளங்கையில்.
கரையே சிரித்தது.
எல்லாருக்கும் ஒரே மொழிதானே என்பவர்களிடம்
அதன்பின் நான் அதிகம் பேசுவதில்லை.

மெஷின் சூடாகும்வரை ஏதாவது பேச வேண்டுமே,
இதைத்தான் அவளிடம் சொன்னேன்.
பாதி புரிந்து தலையாட்டினாள்.

பிறகு கூட்டிப்போனேன்.
கேம்புக்குள் இப்போது வேறு ஆட்கள்,
எங்களுக்கு அப்புறம் படகில் வந்தவர்கள்.
வாசலில் போலீஸ்.
வேலிக்கு வெளியே சீமைக்கருவேலத்துக்குள்
ஒரு சிமென்ட் மேடை கிடக்கிறது,
எண்பத்தேழில் கருவாடு காயவைக்கப் போட்டது.
கலவைக்குத் தண்ணீர் சுமந்தவன் நான்தான்.

"இதுதான்" என்றேன்.

மூன்று விமானம் மாறி வந்தவளிடம்
அதுவும் ஊர்க்காரர் என்று கூப்பிட்டவளிடம்
தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

செருப்பைக் கழற்றினாள்.
நடு வெயிலில் மல்லாந்து படுத்துவிட்டாள்.
ஆடு ஒன்று அவள் பையை மோந்துவிட்டுப் போனது.
எழுந்தபோது முழங்கையில் ஒட்டியிருந்த மீன்செதிலை
வெள்ளைப் பொட்டு விழுந்த பிரதியில் மடித்து
எடுத்துக்கொண்டாள்.

போன மாதம் தபாலில் புத்தகம் வந்தது.
பக்கத்துக் கடை நூருல் அமீன்
தராசில் வைத்துப் பார்த்து
அறுநூறு கிராம் என்றார்.
எனக்கு அந்த இங்கிலீஷ் ஓடாது.
மகள் சுகிர்தா ராத்திரியில் வாசித்துச் சொல்கிறாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என் மேடை வந்தது.
சிமென்ட் கருங்கல்லாகியிருந்தது.
அதில் காத்தமுத்து படுத்திருக்கிறார்.
காற்று எழும்புகிறது. யாரோ கச்சான் என்கிறார்கள்.
பக்கத்தில் படுத்திருந்த ஒரு பையன்
எழுந்து கையை நீட்டுகிறான்.
அக்கரையைப் பார்த்தேயிராத பையனுக்குக்
கச்சான் எப்படிக் கடலையானது என்று
அச்சடித்தவர்கள் யாரும் கேட்கவில்லை போல.
காத்தமுத்து மடியை அவிழ்க்கிறார்.
ஒரு பிடி கடலையை,
தோலோடு, வறுத்த சூட்டோடு,
அவன் கையில் போடுகிறார்.

சுகிர்தா நிறுத்தினாள்.
"யாருப்பா இந்தப் பையன்?"

விளக்கடியில் என் உள்ளங்கை
மூடித்தான் இருந்தது.

"அவங்க ஆளு," என்றேன்.
"மேல படி."