ஏழாவது துளை

ஹாப்சாலுவில் பிப்ரவரி, காலை ஆறு மணி.
கடல் இறுகிவிட்டது என்கிறார்கள்.
எத்தனை சென்டிமீட்டர் இறுகியது என்பதை
நான்தான் சொல்ல வேண்டும்.
தீவுக்குப் போகும் பனிச்சாலையின் தடுப்புக்கு முன்னால்
எட்டு வண்டிகள்.
முதல் வண்டியில் மாலே, பின்னிருக்கையில் இரண்டு செம்மறிகள்,
அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஹாரன்.

பத்தொன்பது துளைகள், துளைக்கொரு மானி.
இரவெல்லாம் அளந்ததை
நெளி அடைப்புக்குள் சதுர அடைப்பு, அதற்குள் மறுபடி நெளி என்று
ஜேசனாக மடித்து அனுப்பியிருக்கின்றன.
பிரித்துப் படிக்கும்வரை எல்லாம் வெறும் எழுத்து.
முப்பத்தொன்றுகூட இன்னும் எண்ணாகவில்லை,
ஒரு மூன்றும் ஒரு ஒன்றும்
ஒட்டி நிற்கின்றன, அவ்வளவுதான்.

பழைய நிரல் ஊர்மஸ் எழுதியது.
எதைப் போட்டாலும் விழுங்கும்; விக்கல்கூட எடுக்காது.
ஒரு மானி வாயை மூடிக்கொண்டு நுல் என்று அனுப்பினால்
பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்.
ஊர்மஸைக் குறை சொல்ல முடியாது:
எங்கள் எஸ்டோனியத்தில் நுல் என்றால் பூஜ்யமேதான்.
போன குளிர்காலத்தில் முழ ஆழத்துக்கு இறுகிய பனியை
திறந்த கடல் என்று நம்பி
மூன்று நாள் சாலையை மூடினோம்.
பிறகு அவர் ஒரு வரி திருத்தினார்:
நுல் வந்தால் தாண்டிப் போ.
அந்த வரியை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது.

அதனால் ரஸ்டில் மறுபடி எழுதுகிறேன்.
கடலோரத்தில் இருந்துகொண்டு
துரு என்று பேர் வைத்த மொழியையா என்று
ஊர்மஸ் சிரித்தார்.
பட்டியலை இரவலாகத்தான் தருகிறது;
பார்க்கலாம், கை வைக்கக் கூடாது,
சுற்று முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.
நேற்று நள்ளிரவில் கம்பைலர் நகர மறுத்தது.
இருந்தால் என்ன செய்வது, சொல்லிவிட்டாய்.
இல்லாவிட்டால்?
எப்படியும் இருக்கும் என்று ஒரே சொல்லில் சத்தியம் செய்து
படுக்கப் போயிருக்கலாம்; அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.
கை போனது. திரும்பி வந்தது.
இல்லாவிட்டால் நில், துளையின் எண்ணைச் சொல்
என்று எழுதினேன்.

இப்போது சுற்று ஓடுகிறது.
முப்பத்தொன்று. முப்பத்து நான்கு. இருபத்தொன்பது.
முப்பது, மறுபடி முப்பது, முப்பத்து மூன்று.
ஏழு.
நின்றுவிட்டது.

கைடோ துளைக்கருவியை ஏற்றினான்.
பனிமேல் சீட் பெல்ட் போடக் கூடாது,
உடைந்தால் குதிக்க வேண்டும்.
நான் கதவைக்கூடச் சரியாகச் சாத்தவில்லை.

ஏழாவது துளையில்
ஒரு ஆள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.
எங்கள் மானியை வெளியே எடுத்து
கம்பளித் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார், பத்திரமாக.
உறையாமல் குழாய் போட்டு வைத்த துளை,
தோண்டுகிற வேலை மிச்சம் என்றார்,
தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.
கைடோ நாலடி தள்ளித் துளைத்து அளந்தான்:
முப்பத்திரண்டு.

இருக்கிறது, இல்லை.
இரண்டே கிளைகள்தான் எழுதியிருக்கிறேன்.
ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை
எதில் சேர்ப்பது?

ஒன்பதே முக்காலுக்குத் தடுப்பு உயர்ந்தது.
மாலே கையசைக்கவில்லை.
விசைப்பலகைக்குப் பக்கத்தில்
அவர் கொடுத்த இரண்டு பெர்ச் மீன்கள்
செய்தித்தாளுக்குள் இளகிக்கொண்டிருக்கின்றன.
மூன்றாவது கிளைக்கு ஒரு பெயர் அடித்தேன்,
அழித்தேன்.
பூனை ஒன்று ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறது.